பதினாறே அரையே அரைக்கால்: எகிப்தின் ஊகக் கணக்கும் திருவிதாங்கூர்க் காசும்

திருவிதாங்கூர் அரசின் பழைய நாணய முறையில் ஒரு ரூபாய்க்கு ஏழு பணம், ஒரு பணத்துக்கு நான்கு சக்கரம், ஒரு சக்கரத்துக்குப் பதினாறு காசு என்ற கணக்கு 20ஆம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாய் பதினாறு அணாவாகப் பிரிந்து, பாதி, பாதியின் பாதி எனச் சீராக இறங்கியபோது, திருவிதாங்கூர் ரூபாய் முதல் படியிலேயே எளிதில் வளைந்து கொடுக்காத ஏழில் பிரிந்து, அதன் பின்னரே நான்கு, பதினாறு என்னும் இரட்டிப்புப் பகுப்புக்குத் திரும்பியது. ஆகவே திருவனந்தபுரத்துக் கச்சேரிகளிலும் கோயில் பண்டாரத்திலும் கணக்கெழுதியவர்களுக்கு ஏழிலொரு பங்கு என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று, அன்றாடம் கையில் புழங்கிய காசு. அந்த நாணயத்திலேயே ஒரு வினாவை அமைத்துப் பார்க்கலாம்: ஒருவரிடம் இருந்த தொகையோடு அதன் ஏழிலொரு பங்கையும் சேர்த்தபோது 19 ரூபாய் ஆயிற்று என்றால், முதலில் இருந்த தொகை எவ்வளவு? ரூபாயை நீக்கிவிட்டு வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ பொ.ஆ.மு. 1550இல் அஹ்மெஸ் என்னும் எகிப்திய எழுத்தர் பாப்பிரஸ் சுருளில் படியெடுத்துவைத்த தொகுப்பின் 24ஆம் கணக்கு இதுவே.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட் 1858இல் லக்சோர் நகரில் விலைக்கு வாங்கியதால் ரைண்ட் பாப்பிரஸ் என்று பெயர்பெற்ற அந்தச் சுருள், 1865 முதல் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்துவருகிறது. மூன்றாம் அமெனெம்ஹட் காலத்து மூலம் ஒன்றைப் பார்த்து எழுதியதாக அஹ்மெஸே குறிப்பிடுவதால், அதிலுள்ள கணக்குகள் அவருக்கும் மூன்று நூற்றாண்டுகள் முந்தியவை. ரொட்டிப் பங்கீடு, பீர் தயாரிக்கச் செலவாகும் தானியம், களஞ்சியத்தின் கொள்ளளவு, நிலத்தின் பரப்பு என அரசு எழுத்தர் ஒருவர் பணியில் சந்திக்கக்கூடிய சிக்கல்களே எண்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளாக அங்கே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தெரியாத அளவைக் குறிக்க இன்றைய பாடநூல் பயன்படுத்தும் குறியீட்டெழுத்து அவர்களிடம் இல்லை. ‘குவியல்’ என்ற பொருள் தரும் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு குவியலும் அதன் ஏழிலொன்றும் சேர்ந்து 19 ஆயிற்று என்று கணக்கு தொடங்குகிறது.

அஹ்மெஸ் கையாளும் வழி, விடை தெரியாத நிலையில் வேலைக்கு வசதியான ஓர் எண்ணை விடையாக வைத்துக்கொண்டு, வினா சொல்கிற செயல்களை எல்லாம் அதன்மேல் நிகழ்த்தி, கிடைத்த பயன் உண்மையான பயனிலிருந்து எத்தனை மடங்கு விலகி நிற்கிறது என்று கண்டு, அதே மடங்கால் முதலில் வைத்த எண்ணைத் திருத்துவதாகும். கணித வரலாற்று நூல்கள் இதைப் பொய்நிலை முறை என்று குறிப்பிடும். ஏழிலொரு பங்கு எடுக்கவேண்டியிருப்பதால் அவர் 7ஐ வைத்துக்கொள்கிறார். அதன் ஏழிலொன்று 1. இரண்டும் சேர்ந்து 8. வேண்டியதோ 19. எனவே 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, 7ஐயும் அத்தனை மடங்காக்கினால் விடை கிட்டிவிடும்.

அந்த மடங்கைக் காணும் இடத்தில்தான் எகிப்தியக் கணக்கின் தனித்தன்மை வெளிப்படுகிறது. அவர்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தேவைப்படவில்லை. இரட்டிப்பதும் பாதியாக்குவதும் போதுமானவையாக இருந்தன. எட்டின் எதிரே ஒன்றை எழுதி, இரட்டித்தால் 2க்கு 16; பாதியாக்கினால் அரைக்கு 4, காலுக்கு 2, அரைக்காலுக்கு 1. வலப்பக்க எண்களுள் 16, 2, 1 ஆகிய மூன்றும் கூடினால் 19 ஆவதால், அவற்றுக்கு எதிரேயுள்ள 2, 1/4, 1/8 ஆகிய மூன்றின் கூட்டே தேடிய மடங்கு. அடுத்து இந்த மடங்கை ஏழால் பெருக்கவேண்டும். அதுவும் இரட்டிப்பாலேயே நடக்கிறது. ஒரு மடங்கு 2 + 1/4 + 1/8, இரு மடங்கு 4 + 1/2 + 1/4, நான்கு மடங்கு 9 + 1/2; இம்மூன்றையும் கூட்டினால் ஏழு மடங்கு, அதாவது 16 + 1/2 + 1/8. இதனுடன் ஏழிலொரு பங்கான 2 + 1/4 + 1/8ஐச் சேர்த்து, 19 வருவதைக் காட்டிவிட்டே அஹ்மெஸ் கணக்கை முடிக்கிறார்.

தென்னாட்டுக் கணக்கர் ஒருவர் இந்த விடையைப் படிப்பதற்கு எந்த மாற்றமும் தேவைப்பட்டிருக்காது. எகிப்தியர் மூன்றில் இரண்டு என்பதைத் தவிர மற்றெல்லாப் பின்னங்களையும் ஒன்றைத் தொகுதியாகக் கொண்ட பின்னங்களின் கூட்டாகவே எழுதினர்; தமிழ்க் கணக்கிலும் பழைய மலையாளக் கணக்கிலும் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி எனத் தனிப்பெயர் பெற்ற சிறு பின்னங்களை அடுக்கிச் சொல்வதே வழக்கு. எட்டில் ஐந்து என்று இன்று படிக்கப்படுவதை அன்றைய திண்ணைப் பள்ளி மாணவன் அரையே அரைக்கால் என்பான். ஆகவே அஹ்மெஸ் கண்ட மடங்கு இரண்டே காலே அரைக்கால். விடை பதினாறே அரையே அரைக்கால். திருவிதாங்கூர் நாணயத்தில் எண்ணினால் ரூபாய்க்கு 28 சக்கரம் ஆதலால், அரையே அரைக்கால் ரூபாய் 17 சக்கரமும் 8 காசும் ஆகும். அதாவது முதலில் இருந்த தொகை 16 ரூபாய், 4 பணம், 1 சக்கரம், 8 காசு. அதன் ஏழிலொரு பங்கு 2 ரூபாய், 2 பணம், 2 சக்கரம், 8 காசு. இரண்டையும் கூட்டினால் காசு பதினாறாகி ஒரு சக்கரமாக ஏற, சக்கரம் நான்காகி ஒரு பணமாக ஏற, பணம் ஏழாகி ஒரு ரூபாயாக ஏற, துளியும் மிச்சமின்றி 19 ரூபாய் நிறைகிறது.

இதைவிட வியப்பான ஒற்றுமை ஒன்று அளவைகளில் கிடைக்கிறது. எகிப்தியர் தானியம் அளந்த ஹெகட் என்னும் மரக்கால் ஏறத்தாழ 4.8 லிட்டர் கொள்வது. அது பாதி, கால், அரைக்கால் என்று பாதிபாதியாக இறங்கி 1/64இல் நின்று, அதற்குக் கீழே ரோ என்ற நுண்ணளவாகப் பிரிகிறது. ஒரு ஹெகட்டின் அறுபத்துநான்கிலொரு பங்கு ஐந்து ரோ. ஆகவே ஒரு ஹெகட்டுக்கு 320 ரோ. தமிழ்க் கணக்கின் முந்திரியும் ஒன்றின் 320இல் ஒரு பங்குதான். இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால், நான்கு கால் ஒன்று என்று ஏறும் அந்த ஏணியில் இரண்டின் அடுக்குகளோடு ஐந்தும் ஓரிடத்தில் நுழைகிறது. ஐந்தையும் இரண்டையும் இப்படிச் சேர்த்துக்கொண்டதால், 1/20 ஆகிய மாவும் 1/80 ஆகிய காணியும் கூடி 1/16 ஆகிய மாகாணி பிறக்கிறது. வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டி இன்னொரு பின்னத்தை ஆக்கும் இந்த உத்தியைக் கண்டால், இதைக் கையாள்பவர் தம் பள்ளியைச் சேர்ந்தவர் என்றே அஹ்மெஸ் நினைத்திருப்பார்.

ஒற்றுமையைக் கண்டவுடன் உறவு கொண்டாடுவது வரலாறு ஆகாது. முசிறிக்கும் எகிப்துக்கும் இடையே கப்பல் ஓடியது உண்மை. ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் ஏறிவந்த சரக்கைப் பற்றிய 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் இன்று வியன்னாவில் இருக்கிறது, செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் சுமார் ஏழரைக் கிலோ மிளகு ஒரே தாழியில் கிடைத்துள்ளது. ஆனால் அந்தக் கப்பல்கள் ஓடிய காலம் அஹ்மெஸுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பிந்தியது. மிளகோடு கணக்கு முறையும் ஏறிச் சென்றதாகவோ இறங்கி வந்ததாகவோ சொல்ல ஒரு துண்டு ஓலையும் சான்றாக இல்லை. பாதியாக்குவது கைக்கு எளிது, ஐந்து விரல் எண்ணுவது கண்ணுக்கு எளிது என்னும் இரண்டும் எங்கும் ஒன்றாக இருப்பதால், 64ஐ ஐந்தால் பெருக்கிய 320ஐ இரு நாட்டினரும் தனித்தனியே வந்தடைந்திருக்கலாம் என்பதே அடக்கமான முடிவு. வேறுபாடும் இருக்கிறது. எகிப்தியர் ஏழிலொன்றை நேராக ஒரு குறியில் எழுதினர்; தமிழ்ப் பின்ன வரிசையில் ஏழிலொன்றுக்கும் மூன்றிலொன்றுக்கும் இடமில்லை. கீழ்முந்திரி வரை, அதாவது 1/102400 வரை இறங்கினாலும் அவை முழுமையாக அகப்படமாட்டா. ஏட்டில் இல்லாத அந்த ஏழிலொன்றைத் திருவிதாங்கூரில் பணம் என்னும் நாணயமே ஈடுசெய்தது.

ஊகமாக வைத்த எண்ணைக் கொண்டு விடை காணும் வழி இந்தியக் கணித நூல்களில் இஷ்டகர்மம் என்ற பெயரில் வழங்கியது; இஷ்டம்போல் எடுத்துக்கொண்ட எண்ணின்மேல் நடத்தும் செயல் என்பது பொருள். பாஸ்கராசாரியர் 1150 அளவில் இயற்றிய லீலாவதியில் அதற்கு அமைந்த கணக்குகளுள் ஒன்று பத்மநாபன் ஊரான திருவனந்தபுரத்துக்குப் பொருத்தமான தாமரைக் கணக்கு. ஒரு தாமரைக் குவியலில் மூன்றிலொரு பங்கு சிவனுக்கும், ஐந்திலொரு பங்கு திருமாலுக்கும், ஆறிலொரு பங்கு கதிரவனுக்கும், காற்பங்கு அம்மைக்கும் போக, எஞ்சிய ஆறு மலர்கள் குருவுக்கு எனில் மொத்த மலர்கள் எத்தனை? மூன்று, ஐந்து, ஆறு, நான்கு ஆகிய அனைத்தாலும் மீதியின்றி வகுபடும் 60ஐ விடையாக வைத்துக்கொண்டால், போகும் மலர்கள் 20, 12, 10, 15 என 57 ஆகி, 3 எஞ்சும். எஞ்சவேண்டியது 6, ஆகவே குவியலில் 120 மலர்கள். பகுதியெண்களால் வகுபடும் எண்ணைத் தேர்ந்துகொள்ளும் அஹ்மெஸின் சாமர்த்தியம் இங்கும் அப்படியே இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த எண்ணை வைத்தாலும் விடை மாறாது, வழியில் பின்னங்கள் முளைத்துத் தொல்லை தரும், அவ்வளவே.

இந்த வழி ஏன் பலிக்கிறது என்ற கேள்விக்கு ரைண்ட் பாப்பிரஸ் விடை சொல்வதில்லை. செய்முறையைக் காட்டி, சரிபார்த்து, அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. கேரளக் கணித மரபின் பெருமை அந்த ‘ஏன்’ என்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. லீலாவதிக்குச் சங்கர வாரியர் 16ஆம் நூற்றாண்டில் எழுதத் தொடங்கி, மகிஷமங்கலம் நாராயணன் முடித்த கிரியாக்கிரமகரி என்னும் உரை, விதிகளுக்குக் காரணங் காட்டும் உபபத்திகளால் பெயர்பெற்றது. திருவனந்தபுரத்தில் பயின்று அங்குள்ள சுவடி நூலகத்தில் பணியாற்றிய கே. வி. சர்மா அதைப் பதிப்பித்து 1975இல் வெளியிட்டார். சர்மாவுக்கும் முன்பே இதற்கான அடித்தளம் அந்நகரில் இடப்பட்டிருந்தது. திருநெல்வேலியை அடுத்த தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி 1905இல் தொடங்கிவைத்த திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில், நீலகண்ட சோமயாஜியின் ஆரியபடீய உரை 1930, 1931, 1957 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்தது. அந்த நூல்வரிசைக்கு ஆதாரமான ஓலைச்சுவடித் திரட்டு இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில், கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மற்றும் சுவடி நூலகத்தில் இருக்கிறது.

அம்மரபினர் ‘ஏன்’ என்பதற்குச் சொன்ன விடையின் பெயர் திரைராசிகம். தெரிந்த மூன்று அளவுகளைக் கொண்டு நான்காவதைக் காணும் விதி அது. முதலில் தெரிந்த அளவு பிரமாணம், அதற்குக் கிடைத்தது பிரமாணபலம், கேட்கப்படுவது இச்சை, அதற்கு வரவேண்டியது இச்சாபலம். ஜ்யேஷ்டதேவர் 1530 அளவில் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷை இதை நெல்லையும் அரிசியையும் கொண்டு விளக்குகிறது. ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்றால், பன்னிரண்டு நாழி நெல்லுக்கு எவ்வளவு என்று கேட்டு, இரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் நான்கே முக்காலுக்குச் சற்று மேலான அளவு, அதாவது 4 4/5 நாழி கிடைக்கும். இஷ்டகர்மமும் இதுவே: 8 வந்தால் மூலம் 7 என்றால், 19 வரும்போது மூலம் என்ன? இரண்டுக்கும் உள்ள வேற்றுமை செயல்களின் வரிசையில் மட்டும் இருக்கிறது. அஹ்மெஸ் முதலில் 19ஐ எட்டால் வகுத்துப் பின் பெருக்குவதால் பின்னங்களை நடுவழி முழுவதும் சுமந்து செல்கிறார். இந்திய விதி முதலில் 7ஐ 19ஆல் பெருக்கி 133 ஆக்கிக்கொண்டு, வகுத்தலைக் கடைசிக்கு ஒத்திவைப்பதால், பதினாறும் மீதி ஐந்தும் என்று ஒரே எட்டில் விடைக்கு வந்துவிடுகிறது. கைக்கணக்குக்கு இந்திய வரிசையே மேல் என்பதில் ஐயமில்லை.

மடங்கு மாறினால் பயனும் அதே மடங்கில் மாறவேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நிலை. வர்க்கம் புகுந்த கணக்கில் இது எப்படி நிற்கும் என்பதற்கு எகிப்தியரின் பெர்லின் பாப்பிரஸ் 6619இல் அழகான சான்று உண்டு. இரு சதுரங்களின் பரப்புகள் சேர்ந்து 100, ஒன்றின் பக்கம் மற்றதன் பக்கத்தில் முக்கால், பக்கங்கள் எவை? எழுத்தர் பக்கங்களை ஒன்று என்றும் முக்கால் என்றும் வைத்துக்கொள்ள, பரப்புகள் கூடி ஒன்றே அரையே மாகாணி ஆகின்றன. அதன் வர்க்கமூலம் ஒன்றே கால். நூறின் வர்க்கமூலம் 10. பத்து, ஒன்றே காலின் எட்டு மடங்கு. ஆகவே பக்கங்கள் 8, 6. மூலம் எட்டு மடங்கானால் பரப்பு அறுபத்துநான்கு மடங்காகும் என்பதை உணர்ந்து, மடங்கைக் காணுமுன் வர்க்கமூலம் எடுத்துக்கொண்டதுதான் இங்கே நுட்பம். கணிதத்தின் பெரும்பகுதி திரைராசிகத்தாலும், செங்கோண முக்கோணத்தின் புஜம், கோடி, கர்ணம் ஆகியவற்றின் வர்க்க உறவாலும் பரவி நிற்கிறது என்று கேரள மரபினர் கருதினர். எகிப்தியக் கணக்கு முக்கோணத்தைக் குறிப்பிடாவிட்டாலும், அந்த இரண்டு தூண்களும் 6, 8, 10 என்ற வடிவில் இந்த ஒரே கணக்கில் சந்திப்பதைக் காணலாம்.

முறை உடையும் இடமும் உண்டு. முதற்கணக்கையே சற்று மாற்றி, ஒரு தொகையும் அதன் ஏழிலொன்றும் மேலும் 3 ரூபாயும் சேர்ந்து 22 ரூபாய் என்று கேட்டால், 7ஐ வைத்துக்கொள்பவருக்கு 11 வரும். வேண்டியது இருமடங்கு என்று 14ஐ விடையாகச் சொன்னால், சரிபார்க்கையில் 14, 2, 3 கூடி 19தான் ஆகும். மூலத்தை இரட்டித்தபோது அந்த 3 மட்டும் இரட்டிக்காமல் நின்றதே காரணம். அந்த மூன்றை முன்னதாகவே கழித்துவிடுவது ஒரு வழி. மற்றொன்று, இரண்டு ஊகங்களையும் வைத்துக்கொண்டு அவற்றின் வேறுபாட்டின்மேல் திரைராசிகத்தை நடத்துவது: மூலம் 7இலிருந்து 14 ஆனபோது, அதாவது 7 கூடியபோது, பயன் 11இலிருந்து 19 ஆகி 8 கூடியது, இன்னும் 3 கூடவேண்டும் என்றால் மூலம் எவ்வளவு கூடவேண்டும்? ஏழை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் இரண்டே அரையே அரைக்கால். 14உடன் சேர்ந்து மறுபடியும் பதினாறே அரையே அரைக்கால். ஓர் ஊகத்தால் ஆகாதது ஈரூகத்தால் ஆயிற்று. சீனரும் அரேபியரும் இம்முறையை விரிவாகக் கையாண்டனர்.

கேரளத்தில் இது இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆலத்தூர் வடசேரி இல்லத்தைச் சேர்ந்த பரமேஸ்வரர், சுமார் 1360 முதல் 1455 வரை வாழ்ந்தவர், பல பத்தாண்டுகள் கிரகணங்களை நேரில் நோக்கிக் குறித்துவைத்த வானியலர். மகாபாஸ்கரீயத்துக்குக் கோவிந்தசுவாமி எழுதிய உரைக்கு அவர் மேலுரையாகச் செய்த நூல் சித்தாந்ததீபிகை. வானியலில் பயனும் மூலமும் ஒரே மடங்கில் மாறுவது அரிது. எவ்வளவு கூட்டினாலும் பயன் வளைவாகவே போகும். அத்தகைய ஒரு கணக்கில் பரமேஸ்வரர் இரண்டு ஊகங்களின் வேறுபாட்டிலிருந்து மூன்றாவதைக் கண்டு, அதனைப் புதிய ஊகமாக வைத்து மறுபடியும் அதே செயலை நடத்தி, மாற்றம் தீரும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறார். இன்றைய கணினிக் கணிதத்தில் வெட்டுக்கோட்டு முறை என்று பயிற்றப்படுவது இதுவே என்பதைக் கணித வரலாற்றாய்வாளர் கிம் பிளாஃப்கர் 1996இல் எடுத்துக்காட்டினார். மூல நூலை அச்சில் கொண்டுவந்தவர் டி. எஸ். குப்பண்ண சாஸ்திரி, சென்னை அரசுக் கீழ்த்திசை நூல்வரிசையில் 1957இல் அது வெளிவந்தது. ரொட்டிக் குவியலுக்காக எகிப்தியர் வைத்துக்கொண்ட ஊகம், கோள்களைத் துரத்திப் பிடிக்கும் கருவியாக மாறியிருப்பதை இங்கே காண்கிறோம். வழிவழியாக வந்ததாகச் சொல்ல முடியாவிட்டாலும், எண்ணத்தின் வழி ஒன்றுதான்.

இன்றைய வகுப்பறையில் வாக்கியக் கணக்கு என்றவுடன் தெரியாததற்கு ஓர் எழுத்தைப் போட்டுச் சமன்பாடு அமைக்கவே மாணவர் பழக்கப்படுகின்றனர். அது வலிமையான கருவி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எனினும் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளாமலே எழுத்துகளை இடம் மாற்றி விடை எழுதிவிடும் பழக்கத்துக்கும் அதுவே இடம் தருகிறது. ஊகமுறையில் அந்தத் தப்பிப்பு இயலாது. வாக்கியம் சொல்வதை ஓர் எண்ணின்மேல் படிப்படியாக நிகழ்த்திப் பார்த்தால்தான் கணக்கு நகரும், இறுதியில் சரிபார்த்தலும் தானாகவே நேர்ந்துவிடும். சமன்பாட்டுக்கு முந்திய ஆண்டில் இதைக் கற்பிப்பது மாணவருக்கு நன்மையே செய்யும்.

முயன்று பார்க்க விரும்புவோருக்கு ரைண்ட் பாப்பிரஸின் 40ஆம் கணக்கு ஏற்றது: நூறு ரொட்டிகளை ஐந்து பேருக்குச் சீரான ஏற்ற வரிசையில் பங்கிடவேண்டும், அதிகம் பெறும் மூவரின் மொத்தத்தில் ஏழிலொரு பங்கு, குறைவாகப் பெறும் இருவரின் மொத்தத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். அஹ்மெஸ் கடைசி ஆளுக்கு 1 ரொட்டி என்றும், ஆளுக்கு ஆள் வேறுபாடு ஐந்தரை என்றும் வைத்துத் தொடங்குகிறார். அப்படி வைத்தால் ஐவரின் மொத்தம் 60தான் வரும். திருத்தி முடித்தபின் நடுவில் இருப்பவருக்குச் சரியாக 20 ரொட்டி கிடைத்திருக்கவேண்டும்.